கன்சாஸ் சிட்டி: மாட்டுச் சந்தை மறைந்த ஊரில் மணக்கும் புகை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய்வரும் கிராமத்துப் பெற்றோர் இப்போது நிறையப் பேர். போனால் மூன்று மாதம், ஆறு மாதம் தங்கிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். பிள்ளைகளும் ஆசையாக நயாகரா அருவியையும் நியூயார்க்கின் உயரமான கட்டடங்களையும் காட்டுகிறார்கள். ஆனால், காடு கழனி வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்டைப் புரியவைக்கும் ஊர் வேறு ஒன்று இருக்கிறது. சுற்றுலாப் பட்டியல்களில் அது பின்னால்தான் வரும். நாட்டின் ஏறக்குறைய நடுவில், மிசௌரி ஆறும் கன்சாஸ் ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் கன்சாஸ் சிட்டிதான் அந்த ஊர். அதன் புறநகர்களான ஓவர்லாண்ட் பார்க், ஒலேத்தா பகுதிகளில் இந்தியக் குடும்பங்கள் கணிசமாக வசிப்பதால், நம்மவர்கள் போய்வரும் வாய்ப்பும் கூடுதல்.

ஊரின் பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. கன்சாஸ் சிட்டி என்று இரண்டு ஊர்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பெரியது மிசௌரி மாநிலத்தில், சிறியது கன்சாஸ் மாநிலத்தில். சில இடங்களில் ஒரு தெருதான் மாநில எல்லை. முகவரி கேட்கும்போது எந்த மாநிலம் என்றும் கேட்டுக்கொள்ளாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியிருக்கும். ஊரைத் தாண்டி எந்தத் திசையில் போனாலும் சோளக்காடு, சோயா, கோதுமை, மேய்ச்சல் நிலம்தான். நம்மூரில் சோளம் என்றால் ஒன்று, அங்கே சோளம் என்றால் மக்காச்சோளம். அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊருக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது பார்பெக்யூ. விறகின் புகையிலும் மெல்லிய சூட்டிலும் பல மணி நேரம் வேகவைத்த இறைச்சி. நகரத்திலும் சுற்றுப்பகுதியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பார்பெக்யூ கடைகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், நம்மூரில் சிறந்த பிரியாணிக் கடை எது என்று கேட்ட கதைதான். நான்கு பேர் ஐந்து கடை சொல்வார்கள். அதனால் கடையைத் தேடும் முன், இந்தச் சமையல் ஏன் இந்த ஊரில் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு மாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும்.

தண்டவாளம் கொண்டுவந்த சந்தை

ஆறுகள் கூடும் தாழ்வான பகுதிக்கு வெஸ்ட் பாட்டம்ஸ் என்று பெயர். 1871இல் அங்கே கன்சாஸ் சிட்டி கால்நடைச் சந்தை தொடங்கியது. டெக்சாஸ், கன்சாஸ் மேய்ச்சல் நிலங்களிலிருந்து ரயில் பெட்டிகளில் மாடுகள் வந்து இறங்கின. மரப்பட்டிகள் ஏக்கர் கணக்கில் விரிந்தன. சிகாகோவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய கால்நடைச் சந்தை இதுதான். 1923ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 26 லட்சம் மாடுகள் இங்கே வந்து இறங்கின. ஆடு, பன்றிக் கணக்கு தனி. அந்தியூர் குருநாதசுவாமி திருவிழாச் சந்தையைப் பார்த்தவர்கள் அதை வருடம் முழுக்க, தினமும் நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

விற்கும் விவசாயி நேரடியாக விலை பேசுவதில்லை. கமிஷன் வாங்கும் தரகு நிறுவனங்கள் அவர் சார்பில் பேசும். வாங்குபவர்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருந்த இறைச்சிப் பதன நிறுவனங்கள். ஆர்மர், ஸ்விஃப்ட் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே இருந்தன. நம்மூரில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது மாட்டுக்காரர் பக்கத்தில் நின்று தவிப்பாரே, அதே தவிப்பு அங்கேயும் இருந்திருக்கும். வாங்குபவர் கை நான்கைந்துதான், விற்பவர் கை ஆயிரம். அந்த நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை அமுக்குகின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்து, 1921இல் இறைச்சி நிறுவனங்களையும் கால்நடைச் சந்தைகளையும் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

1951 ஜூலையில் இரண்டு ஆறுகளும் கரை உடைத்து வெஸ்ட் பாட்டம்ஸை மூழ்கடித்தன. சந்தைக்கு விழுந்த பெரிய அடி அது. ஆனால் சந்தையைச் சாகடித்ததில் வெள்ளத்துக்குப் பங்கு பாதிதான். லாரி வந்த பிறகு மாட்டை ரயில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவர வேண்டிய தேவை போய்விட்டது. மேற்குக் கன்சாஸில் நிலத்தடி நீரை இறைத்து மக்காச்சோளம் விளைவித்தார்கள். தீவனம் இருக்கும் இடத்திலேயே கொழுக்கவைக்கும் பண்ணைகள் வந்தன. அறுக்கும் தொழிற்சாலைகளும் பின்னாலேயே டாட்ஜ் சிட்டி, கார்டன் சிட்டி என்று அங்கே போய்விட்டன. 1991இல் சந்தை மூடப்பட்டது.

இப்போது போனால் 1911இல் கட்டிய லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற 9 மாடிச் செங்கல் கட்டடத்தைப் பார்க்கலாம். தரகர்கள், வங்கிகள், ரயில் நிறுவனங்கள் எல்லாம் அதற்குள் அலுவலகம் வைத்திருந்த காலம் உண்டு. இப்போது வேறு அலுவலகங்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள பழைய கிடங்குகள் பழம்பொருள் கடைகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாறிவிட்டன. பட்டிகள் இருந்ததற்கு அடையாளம் மிகக் குறைவு. அரை மணி நேரம் நடந்து பார்த்தால் போதும்.

கழிவாய்க் கிடந்த கறி

ஒரு மாட்டை அறுத்தால் முதுகுப் பகுதியின் மெல்லிய கறிக்கு நல்ல விலை. அது ரயிலேறிக் கிழக்குக் கரை நகரங்களின் பணக்கார உணவகங்களுக்குப் போனது. நெஞ்சுப் பகுதியில் இருக்கும் கறிக்கு, அங்கே பிரிஸ்கெட் என்பார்கள், அன்று யாரும் அதிகம் கொடுக்க மாட்டார்கள். மாடு எழுந்து நிற்கும்போது உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்கும் தசை அது. நார்நாராக, ரப்பர் மாதிரி இருக்கும். அரை மணி நேரம் சுட்டால் பல்லுக்கு அகப்படாது. விலா எலும்புகளும் அப்படித்தான், மலிவு.

1907இல் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினச் சமையல்காரர் இந்த ஊருக்கு வந்தார். டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் பக்கத்துக்காரர். ஆற்றில் ஓடும் நீராவிப் படகுகளின் சமையலறையில் வேலை பார்த்தவர். 1908 வாக்கில் நகரின் துணி வியாபாரப் பகுதியில் ஒரு சந்துக்குள் கடை போட்டார். ஹிக்கரி, ஓக் விறகில் இறைச்சியை மெதுவாக வேகவைத்து, செய்தித்தாளில் சுற்றி விற்றார். ஒரு பங்கு 25 சென்ட். மாடு மட்டுமல்ல, காட்டு விலங்குகளின் கறியும் அவர் கடையில் கிடைத்தது. பிறகு கறுப்பினத்தவர் வாழ்ந்த 18ஆம் தெரு, வைன் தெருப் பகுதிக்கு இடம் மாறினார். நிறவேற்றுமை தெருத் தெருவாகக் கோடு போட்டிருந்த அந்த நாளில், அவர் கடை வரிசையில் மட்டும் இரண்டு நிறத்தவரும் நின்றார்கள்.

1940இல் பெர்ரி இறந்தார். அவரிடம் தொழில் கற்ற சார்லி பிரையன்ட் கடையை எடுத்து நடத்தினார். 1946இல் அவருடைய தம்பி ஆர்தர் பிரையன்ட் கைக்கு வந்தது. பெர்ரியிடம் வேலை பார்த்த இன்னொருவரான ஆர்தர் பிங்கார்டின் கைப்பக்குவத்தோடு, அதே 1946இல் கேட்ஸ் குடும்பம் தனிக்கடை தொடங்கியது. இன்றும் ஊரின் பழம்பெரும் பெயர்கள் இந்த இரண்டும்தான். அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் ஆர்தர் பிரையன்ட் கடையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கடையில் நெஞ்சுக்கறியை நறுக்கும்போது கருகிய ஓரத் துண்டுகள் ஒதுங்கும். அவற்றை மேசை ஓரத்தில் தள்ளிவைப்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் காசில்லாமல் எடுத்துத் தின்னலாம். இதே ஊரில் பிறந்த கால்வின் டிரில்லின் என்ற எழுத்தாளர் 1972இல் அந்தக் கருகல் துண்டுகளைப் புகழ்ந்து எழுதினார். எழுதியது நாடெங்கும் பரவியது. இன்று 'பர்ன்ட் எண்ட்ஸ்' என்ற பெயரில் அதற்குத் தனி விலை உண்டு. பல கடைகளில் முதலில் தீர்ந்துபோகும் பண்டமும் அதுதான். கருகல் போதாமல், கொழுப்பு நிறைந்த மேல்பகுதியைத் தனியே வெட்டி, மறுபடி புகையில் வைத்து வேண்டுமென்றே தயாரிக்கிறார்கள்.

அடுப்புக்குள் நடப்பது

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. செங்கல் அறை அல்லது இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் விறகு எரியும். இறைச்சி இருக்கும் பக்கத்தில் சூடு சுமார் 105 முதல் 120 டிகிரி செல்சியஸ்தான். 5, 6 கிலோ எடையுள்ள முழு நெஞ்சுக்கறி 12 மணி நேரத்துக்குமேல் அதில் கிடக்கும். தசைகளைக் கட்டிவைத்திருக்கும் நார்ப்பொருளான கொலாஜன் அந்த மெல்லிய சூட்டில், ஈரத்தில், மெதுவாக உருகி ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாகிறதே, அதே பொருள். உட்பகுதி 90 டிகிரியைத் தாண்டும்போது, ரப்பர் மாதிரி இருந்த கறி விரலால் பிய்க்க வரும்.

பாதி வழியில் ஒரு வேடிக்கை நடக்கும். 65, 70 டிகிரி வந்ததும் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் பயந்துபோய் விறகை அள்ளிப் போட்டுக் கெடுத்துவிடுவார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒரே காரணத்தால்தான். கறியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகி, கொடுக்கும் சூட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறது. நீர் வற்றிய பிறகு சூடு தானே ஏறும். வெந்து முடிவதற்குள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கடையில் சொல்லும் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

விறகு ஹிக்கரி, ஓக், சில இடங்களில் ஆப்பிள், பீக்கன் மரம். எல்லாமே வைரம் பாய்ந்த கெட்டி மரங்கள். பிசின் உள்ள பைன் மரத்தைத் தொட மாட்டார்கள், கசப்பும் கரியும் ஏறிவிடும். பச்சை விறகும் ஆகாது. வெட்டிப் பிளந்து மாதக் கணக்கில் காயவைத்த விறகு வேண்டும். நல்ல அடுப்பின் புகை மெலிதாக, நீலம் பாரித்து வரும். திரள்திரளாக வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரம் அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம். செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

வெட்டிய துண்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் ரோஜா நிறத்தில் வளையம் தெரியும். வேகவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். விறகுப் புகையில் உள்ள வாயு, தசையின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது.

கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் கடையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். விறகு அடுக்கு இருக்கிறதா, அது குறைந்து நிரம்புகிற அடுக்கா அல்லது அலங்காரத்துக்கு வைத்ததா என்று விவசாயிக்குத் தெரியாமல் போகாது. இரண்டாவது, கறி தீர்ந்ததும் மூடும் கடை நல்ல கடை. 12 மணி நேரம் வேகும் பண்டத்தை வாடிக்கையாளர் வந்த பிறகு செய்ய முடியாது. மாலை ஏழு மணிக்கும் எல்லாமே கிடைக்கிறது என்றால், அதில் சில மீண்டும் சூடாக்கியவையாக இருக்கலாம். காலை 11 மணிக்குக் கடை திறக்கும்போதே போய் நிற்பது உத்தமம். மூன்றாவது, சாஸ் இல்லாமல் முதல் துண்டைத் தின்று பார்க்க வேண்டும். இந்த ஊர் சாஸ் தக்காளி, வினிகர், மொலாசஸ் சேர்ந்த கெட்டியான, இனிப்பான சாஸ். ஆர்தர் பிரையன்ட் கடையில் மட்டும் புளிப்பும் மிளகாய்த்தூள் மணமும் தூக்கல். சாஸ் எந்தக் குறையையும் மூடிவிடும், அதனால் அதை வைத்துக் கடையை எடைபோட முடியாது.

கட்டடத்தின் பளபளப்பை நம்ப வேண்டாம். கன்சாஸ் மாநிலப் பக்கத்தில் ஜோஸ் கன்சாஸ் சிட்டி என்ற கடை 1996இல் ஒரு பெட்ரோல் பங்குக்குள் தொடங்கியது. இன்றும் அதே பங்கில்தான் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். பிரையன்ட் கடையும் சாதாரண மேசை நாற்காலிதான். வசதியாக உட்கார்ந்து குடும்பத்தோடு சாப்பிட ஜாக் ஸ்டாக் கடைகள் ஏற்றவை, அங்கே ஆட்டு விலாவும் கிடைக்கும். கேட்ஸ் கடையில் உள்ளே நுழைந்ததுமே என்ன வேண்டும் என்று உரக்கக் கேட்பார்கள். அதட்டுகிறார்கள் என்று அதிர்ச்சி அடைய வேண்டாம், அது அந்தக் கடையின் பழக்கம்.

கறியைப் பவுண்டு கணக்கில் வாங்கலாம். ஒரு பவுண்டு 454 கிராம். மூன்று பேருக்கு ஒரு பவுண்டு வாங்கி, தொட்டுக்கொள்ளப் பக்கப் பதார்த்தம் இரண்டு சேர்த்தால் நம்மவர் வயிற்றுக்குப் போதும்.

மாட்டிறைச்சி தின்பதும் தின்னாததும் அவரவர் வீட்டு வழக்கம். தின்னாதவர்களுக்குக் கோழி, வான்கோழி உண்டு. பன்றி விலா எல்லாக் கடையிலும் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பார்த்தால் மொச்சைக் குழம்பு மாதிரி இருக்கும் பீன்ஸில் பெரும்பாலும் கறித்துண்டும் அடுப்பில் சொட்டிய கொழுப்பும் இருக்கும். சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலைக்கூடப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குவதில் வெட்கமில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

காசு எங்கே போகிறது

யாரும் சீண்டாத நெஞ்சுக்கறி இன்று விலையேறிய பண்டம். இதில் மாடு வளர்ப்பவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் சிறு விவசாயி கேட்க வேண்டிய கேள்வி. கறியின் மதிப்பைக் கூட்டியவர்கள் பெர்ரியும் அவர் வழிவந்தவர்களும். அவர்கள் பெயரும் கடையும் நின்றன. சாஸிலும் காசு வந்தது. ரிச் டேவிஸ் என்ற உள்ளூர் மருத்துவர் 1977இல் உருவாக்கிய கே.சி. மாஸ்டர்பீஸ் சாஸை 1986இல் ஒரு பெரிய நிறுவனம் வாங்கி நாடெங்கும் விற்றது. தக்காளியும் மொலாசஸும் வினிகரும் போட்ட பாட்டில், மாட்டைவிட வேகமாக ஓடியது.

மாட்டுக்காரர் நிலைமை 1921ஆம் ஆண்டிலிருந்து அதிகம் நகரவில்லை. அமெரிக்காவில் தீவனம் போட்டுக் கொழுக்கவைக்கும் மாடுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நான்கே நிறுவனங்கள் அறுக்கின்றன. தொடர் வறட்சியில் மேய்ச்சல் காய்ந்து பலர் தாய்ப்பசுக்களையே விற்றார்கள். 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மாடுகள் சுமார் 8.67 கோடி. 1951க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. இருப்பு குறைந்ததால் இப்போது மாட்டுக்கு நல்ல விலை. ஆனால் விற்க மாடு இருப்பவருக்குத்தான் அந்த விலை.

இதிலிருந்து ஒதுங்கி நிற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சிறு பண்ணையாளர்கள் சிலர் மாட்டை உள்ளூர்ச் சிறு அறுப்புக்கூடத்தில் அறுத்து, கால் மாடு, அரை மாடு என்று குடும்பங்களுக்கு நேரடியாக விற்கிறார்கள். வாங்குபவர் அதைப் பெரிய உறைபெட்டியில் வைத்து வருடம் முழுக்கச் சமைப்பார். பண்டிகைக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆடு அறுத்துக் கூறு போடும் நம்மூர் வழக்கத்துக்குப் பக்கத்து உறவு அது. இடையில் தரகரும் இல்லை, நான்கு நிறுவனமும் இல்லை. நெஞ்சுக்கறியும் விலாவும் அதே கூறுக்குள்தான் போகும்.

வயிறு நிறைந்த பிறகு

சனிக்கிழமை காலையை சிட்டி மார்க்கெட்டுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஆற்றங்கரையில் 1857இலிருந்து இயங்கும் சந்தை. சுற்று வட்டார விவசாயிகள் வண்டியோடு வந்து விற்பார்கள். அகதிகளாக வந்து குடியேறியவர்களுக்குச் சிறு துண்டு நிலமும் பயிற்சியும் கொடுக்கும் 'நியூ ரூட்ஸ்' என்ற திட்டம் கன்சாஸ் பக்கத்தில் 2008 முதல் நடக்கிறது. கால் ஏக்கர் அளவு நிலத்தில் தொடங்கி, நான்கு வருடத்தில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பர்மா, பூட்டான், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் இதில் பயிர் செய்கிறார்கள். நகரத்தின் விவசாயச் சந்தைகளில் புளிச்சக்கீரையும் பாகற்காயும் கண்ணில் பட்டால், அவர்கள் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சிட்டி மார்க்கெட்டில் 1991 முதல் இருப்பது அரேபியா நீராவிப் படகு அருங்காட்சியகம். கட்டட ஒப்பந்தம் 2026இல் முடிவதால், போகும் முன் இடத்தை ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் இதைத் தவறவிடக் கூடாது. 1856 செப்டம்பரில், 200 டன் சரக்கோடு மிசௌரி ஆற்றில் போன அரேபியா என்ற படகு, தண்ணீருக்குள் கிடந்த வாதுமை மரத்தில் மோதிக் கிழிந்து நிமிடங்களில் மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். தளத்தில் கட்டிப்போட்டிருந்த ஒரு கோவேறு கழுதை மட்டும் செத்தது. பிறகு ஆறு தடம் மாறியது. படகு கிடந்த இடம் ஆற்றிலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு மக்காச்சோளக் காட்டுக்கு 45 அடிக்குக் கீழே போய்விட்டது.

1988இல் உள்ளூர்க் குடும்பம் ஒன்று நண்பர்களோடு சேர்ந்து அதைத் தோண்டத் தொடங்கியது. நிலத்துக்காரர் போட்ட நிபந்தனை, வசந்தகால விதைப்புக்கு முன் குழியை மூடி நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது. பத்தடியிலேயே தண்ணீர் ஊற்றெடுக்கும் மண். சுற்றிலும் கிணறுகள் இறக்கி, 20 பெரிய பம்புகளை இரவு பகலாக ஓட்டித் தண்ணீரை இறைத்தார்கள். சரக்கு அப்படியே கிடைத்தது. செருப்பு, கோடாலி, பீங்கான், பொத்தான், கதவுப் பூட்டு, பாட்டிலில் அடைத்த பழங்கள், ஊறுகாய். காற்றுப் படாத சேற்றுக்குள் இருந்ததால் ஊறுகாய் கெடாமல் இருந்தது. தோண்டியவர்களில் ஒருவர் அதைத் தின்றும் பார்த்தார். அந்தக் கழுதையின் எலும்புக்கூடும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகரிலிருந்து மேற்கே அரை மணி நேரக் கார் பயணத்தில் பானர் ஸ்பிரிங்ஸ். அங்கே தேசிய வேளாண் மையமும் விவசாயப் புகழ்க்கூடமும் உள்ளன. 1960இல் அமெரிக்க நாடாளுமன்றம் அங்கீகாரம் கொடுத்து அமைந்தது. எஃகுக் கலப்பை செய்த ஜான் டீர், அறுவடை எந்திரத்தின் மெக்கார்மிக் போன்றோரோடு, ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் அங்கே போற்றப்படுகிறார். இதே மிசௌரி மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்து, பருத்தியால் களைத்த நிலத்துக்கு நிலக்கடலையும் தட்டைப்பயறும் போடச் சொன்ன விஞ்ஞானி. பழைய கலப்பைகள், டிராக்டர்கள் எல்லாம் உண்டு. எல்லா மாதமும் திறந்திருக்காது, விசாரித்துப் போக வேண்டும்.

தெற்கே கிராண்ட்வியூவில் ஹாரி ட்ரூமனின் பண்ணை வீடு. 1906 முதல் பத்தாண்டுக்கு மேல் அவர் 600 ஏக்கர் குடும்ப நிலத்தில் ஏர் ஓட்டியவர். பின்னால் நாட்டின் ஜனாதிபதி ஆனார். நிலத்தில் பெரும்பகுதி இப்போது கடைகளும் வீடுகளுமாகிவிட்டது. வீடு மட்டும் நிற்கிறது. பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ குத்தும், நம்மூர் புறவழிச்சாலை ஓரங்களை நினைத்து.

18ஆம் தெரு, வைன் தெருச் சந்திப்பில் ஜாஸ் இசைக்கும், கறுப்பின பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கும் அருங்காட்சியகங்கள் உள்ளன. வெள்ளையர் அணிகளில் சேர்க்கப்படாதவர்கள் தங்களுக்கென ஒரு லீகை 1920இல் இந்த ஊரில்தான் தொடங்கினார்கள். ஆர்தர் பிரையன்ட் கடை அங்கிருந்து பக்கம். சிட்டி மார்க்கெட்டிலிருந்து யூனியன் ஸ்டேஷன் வழியாக டிராம் வண்டி ஓடுகிறது, கட்டணம் கிடையாது. மற்ற இடங்களுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. ஜூலையில் நம்மூர் வெயில், ஜனவரியில் உறைபனி. கோதுமை அறுவடையைப் பார்க்க ஆசைப்பட்டால் ஜூன் கடைசியில் கன்சாஸ் பக்கம் போக வேண்டும். 1874இல் ருஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த 'டர்க்கி ரெட்' என்ற ரகம்தான் அந்த மாநிலத்தைக் கோதுமை நாடாக்கியது.

செருப்பில் ஒட்டிய மண்

கடைசியாக, மாடு வைத்திருக்கும் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கியதும் சுங்க அதிகாரிகள், சமீபத்தில் பண்ணைக்குப் போனீர்களா, கால்நடைகளோடு இருந்தீர்களா என்று கேட்பார்கள். பயந்துகொண்டு இல்லை என்று சொல்லக் கூடாது. ஆம் என்று சொன்னால் அதிகபட்சம் செருப்பைப் பரிசோதித்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். அந்த நாட்டில் 1929க்குப் பிறகு கோமாரி நோய் வந்ததில்லை. நம்மூர்த் தொழுவத்துச் சாணம் ஒட்டிய செருப்பு அதைக் கொண்டுபோகலாம் என்பதால்தான் அந்தக் கேள்வி. தொழுவத்தில் போட்ட செருப்பைக் கழுவி வீட்டிலேயே விட்டுவிட்டு, வேறு செருப்போடு கிளம்புவது நல்லது.

பேரப்பிள்ளைகளுக்கு என்று மாம்பழம், உப்புக்கண்டம், கருவாடு, விதைகள், கறிவேப்பிலைக் கன்று எதையும் அறிவிக்காமல் பெட்டியில் மறைத்து எடுத்துப்போகக் கூடாது. பறிமுதலோடு அபராதமும் விழும். திரும்பி வரும்போதும் இதே விதிதான். சிட்டி மார்க்கெட்டில் பார்த்த தக்காளி ரகம் எவ்வளவு பிடித்திருந்தாலும், இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுப் பயிர்நலச் சான்றிதழும் இல்லாமல் விதையைக் கொண்டுவர இந்தியச் சட்டத்தில் இடமில்லை. சாஸ் பாட்டில் கொண்டுவரலாம். அதைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில், துணி சுற்றி வைக்க வேண்டும்.